கைப்பிடியில் மாட்டிய தொப்பி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பேய் என்றாலே வாயைக் கோணிச் சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் இது நடந்தது. அன்றைக்கு நான் அந்த முகாமின் சமையற்கட்டில் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மண்ணைத் தோண்டினவர்களில் நானும் ஒருத்தன்.

உள்ளே நடந்ததை எனக்குச் சொன்னவன் தெர்சூ. பொய்யே சொல்லத் தெரியாத பிள்ளை என்று அவனுக்குச் சான்றிதழ் தர மாட்டேன். சீட்டாட உட்கார்ந்தால் கூசாமல் புளுகுவான். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கேட்பான்.

வடகிழக்கு நைஜீரியாவில், சாட் ஏரிக்குப் போகிற சாலையோரம் அந்த ராணுவ முகாம். ஊருக்கு வரும் மின்கம்பிகளை எதிரிகள் எப்போதோ வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். எங்களுக்குப் பகலில் சோலார், இரவில் பேட்டரி. இரண்டும் கைவிட்டால் ஒரு கிழட்டு ஜெனரேட்டர். ரேடியோ, வேலியோர விளக்குகள், தண்ணீர் மோட்டார், மருத்துவ அறை எல்லாம் இவற்றை நம்பித்தான். கரண்ட் போனால் அங்கே உயிரும் கூடவே போகும்.

ஜெனரேட்டருக்குப் பொறுப்பு கார்ப்பரல் ஹபிலா. அதன் கரண்டை முகாமுக்குத் திருப்பிவிடும் சுவிட்சுக்குப் பொறுப்பு தெர்சூ. குண்டு விழுந்தால் டீசல் பற்றிக்கொள்ளும் என்று ஜெனரேட்டர் கொட்டகையை முகாமின் கடைசி மூலையில் கட்டி, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். சுவிட்ச் அறை இந்தக் கோடியில். நடுவே வெட்டவெளி. அந்தப் பக்கத்தில் டீசலுக்குக் கால் முளைக்கும் என்பதால் கொட்டகைக்கு எப்போதும் பூட்டு. ஒரே சாவி. அது ஹபிலாவின் கழுத்துக் கயிற்றில் கிடக்கும், குளிக்கும்போதுகூட.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஹபிலா கம்பியில் கை வைக்கப் போவதானால், போகும்போது தன் தொப்பியைச் சுவிட்ச் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவான். வேலை முடிந்ததும் அவனே வந்து எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது, தளபதியே ஆனாலும். தொப்பி தொங்கும்வரை சுவிட்சைப் போடக் கூடாது. சும்மா வந்த வழக்கம் இல்லை அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் கொட்டகையில் எஞ்சின் ஓட ஓடக் கம்பி முனையை இறுக்கிக்கொண்டிருந்தபோது இங்கே இன்னொருத்தன் அவசரப்பட்டுவிட்டான். தளர்ந்திருந்த முனை நெருப்பாய் வெடித்தது. அந்த ஆளை ஒரு சாக்கில் அள்ளி அனுப்பினார்கள்.

"டேய் கிழங்குத் தின்னி, தொப்பி தொங்குறப்ப கைப்பிடியைத் தொட்டே, ஆவியா வந்து உன் கழுத்தை நெரிப்பேன்" என்று ஹபிலா மிரட்டுவான். தெர்சூ பெனுவேக்காரன். பெருவள்ளிக்கிழங்கு இல்லாமல் சோறு இறங்காத ஊர்.

"பிண்ணாக்குத் தின்னிக்கு வாயைப் பாரு. போய் வேலையை முடிச்சிட்டு வாண்ணே" என்பான் தெர்சூ. ஹபிலா ஊரில் கடலைப் பிண்ணாக்கை உருட்டிப் பொரித்துக் கொறிப்பார்கள். பை நிறைய வைத்திருப்பான். எனக்கும் தருவான், பாவி.

அது ஜூன் மாதம். முதல் மழை வருமுன் நாள் முழுக்க வேகும். அன்று காலை ரோந்து போனவர்கள் சுடப்பட்டுத் திரும்பினார்கள். நெஞ்சில் குண்டு வாங்கியவன் இலியா. இருபத்திரண்டு வயது. ஹபிலாவின் கூடப்பிறந்த தம்பி.

டாக்டர் லீவில் இருந்தார். இருந்தது நர்ஸ் சார்ஜென்ட் லாடி ஒருத்திதான். அவள் குழாய் போட்டு ரத்தத்தை வடித்து, ஆக்சிஜன் இயந்திரத்தோடு அவனை இணைத்துவிட்டாள். சாயங்காலம் ஹெலிகாப்டர் வந்துவிடும், அதுவரை இயந்திரம் ஓடினால் பிழைப்பான் என்றாள். கரண்டில் ஓடுகிற இயந்திரம். அது நின்றால் ஒரே ஒரு சின்ன சிலிண்டர் மிச்சம், அதிலும் பாதிதான்.

சோலார் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஜெனரேட்டர்? அதன் கம்பி முனை கருகிப் போனதென்று முந்தின நாள்தான் ஹபிலா அதைக் கழற்றிப் போட்டிருந்தான். வெயில்தான் கொளுத்துகிறதே, மெதுவாக மாட்டிக்கொள்ளலாம் என்று எல்லாருமே நினைத்தோம்.

மத்தியானம் மூன்றே முக்காலுக்குக் கிழக்கே ஒரு சுவர் எழுந்தது. செம்மண் சுவர். வானத்துக்கும் பூமிக்குமாய் நின்று நகர்ந்து வந்தது. முதல் மழைக்கு முன் வருகிற புழுதிப் புயல்தான், வருஷா வருஷம் பார்க்கிறதுதான். ஆனால் இப்படி ஒன்றை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. பகல் சிவந்தது, பிறகு பழுத்தது, பிறகு அணைந்தது. நாலு மணி ஆகுமுன் அமாவாசை இருட்டு. கூரை மேலிருந்த சோலார் தகடுகள் பிய்ந்து பறந்த சத்தம் அடுப்படிவரை கேட்டது.

பேட்டரிகள் வெயிலில் வெந்து பாதி செத்தவை. அரை மணி தாங்கினால் அதிகம்.

ஹபிலா சுவிட்ச் அறைக்குள் ஓடிவந்தான். முகத்தில் துணி சுற்றியிருந்தான். அன்றைக்குக் கிண்டல் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான்.

"முனையை மாட்டி, ஸ்டார்ட் பண்ணிட்டு, நானே வரேன். அதுவரைக்கும்..."

"தொட மாட்டேண்ணே. நீ போ."

"தம்பி டா" என்றான். அவ்வளவுதான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு புழுதிக்குள் இறங்கினான். இரண்டே எட்டில் ஆள் தெரியவில்லை.

தெர்சூ கதவைச் சாத்தினான். டார்ச்சை மேசைமேல் நிறுத்தி வைத்தான். இருமினான். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் புழுதி புகுந்தது. காற்றின் ஊளையில் எதுவும் காதில் விழவில்லை. வெளியே தகரம் ஒன்று எங்கோ பிடுங்கிக்கொண்டு போய் எதிலோ மோதியது. டமார். பிறகு ஊளைதான்.

நாலு பத்துக்குப் பேட்டரி செத்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு லாடி வந்தாள். தலையெல்லாம் மண். இருமல் நிற்கவில்லை.

"மெஷின் நின்னுபோச்சு. சிலிண்டர்ல போட்டிருக்கேன். கால் மணி நேரம்... அதுக்கு மேல இல்ல. என்ன பண்ணிட்டு இருக்கே?"

"அண்ணன் இன்னும் வரல அக்கா."

"போய்ப் பாரேன்."

"நான் சுவிட்சை விட்டுப் போகக் கூடாது."

அப்போதுதான் பலகையில் அந்தப் பச்சை விளக்கு எரிந்தது.

ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் வருகிறது என்று அர்த்தம். லாடி பாய்ந்து கைப்பிடியைப் பிடிக்கப் போனாள். தெர்சூ குறுக்கே விழுந்து அவள் கையைப் பிடித்தான்.

"விடுடா. வந்துருச்சு பாரு."

"தொப்பி தொங்குது அக்கா. அன்னிக்கும் விளக்கு எரிஞ்சுதான் இருந்துது. அவன் கை இன்னும் உள்ள இருந்தா?"

"ஒரு தொப்பிக்காக அந்தப் பையனைச் சாகடிப்பியா?"

"பையனுக்காக அண்ணனைச் சாகடிக்கச் சொல்றியா?"

லாடி அழுதாள். நிமிஷங்கள் போயின. பச்சை விளக்கு ஆடாமல் எரிந்தது. தொப்பி ஆடாமல் தொங்கியது. இரண்டில் ஒரு உயிரைத் தேர்ந்தெடு என்று யாரோ அவன் கையில் தராசைக் கொடுத்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு பொழுது என் எதிரிக்கும் வேண்டாம்.

கதவு திறந்தது.

ஹபிலா.

தலையிலிருந்து கால்வரை மண். கண் இமையில்கூட மண். தெர்சூவுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, எங்கண்ணே போனே..."

ஹபிலா பதில் சொல்லவில்லை.

இருமவும் இல்லை.

கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே புயல் அலறியது. ஆனால் உள்ளே... காற்று வரவில்லை. மேசைமேல் ஒரு தாள்கூட அசையவில்லை.

"ஹபிலா, தம்பிக்கு மூச்சு இருக்கு. சீக்கிரம்" என்றாள் லாடி.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

நேரே வந்தான். அவன் உடம்பிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது.

நிற்கவே இல்லை. உதிர்ந்துகொண்டே...

கையை நீட்டினான்.

தொப்பியை எடுத்தான்.

"போடு."

வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

தெர்சூ கைப்பிடியைத் தூக்கினான். தடக்.

வெளிச்சம்.

திரும்பிப் பார்த்தான். லாடி நின்றாள். கதவு சாத்தியிருந்தது.

வேறு யாரும் இல்லை.

இந்த இடத்தில்தான் அவன் தண்ணீர் கேட்பான்.

லாடி மருத்துவ அறைக்கு ஓடினாள். இயந்திரம் ஓடியது. சிலிண்டரின் முள் அடியில் உட்கார்ந்திருந்ததாம். இலியாவின் நீலம் பாய்ந்த உதடு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது.

ஆறு மணிக்குப் புயல் அடங்கி மழை விழுந்தது. பெரிய பெரிய துளிகள். எல்லாரும் வெளியே வந்து மண்ணைத் துப்பினோம். தெர்சூவும் வந்தான். முகம் வெளுத்திருந்தாலும் சிரிக்கப் பார்த்தான்.

"அண்ணன் எங்கே? தம்பிகிட்ட இருக்கானா?"

"இங்க வரவே இல்லையே" என்றாள் லாடி வாசலில் நின்று.

"அப்ப கொட்டகையில இருப்பான். அவனுக்கு ஒரு கோழி அறுக்கலாம், வாங்க" என்று தெர்சூ முன்னால் நடந்தான். நாங்கள் பின்னால் போனோம்.

கொட்டகைக்குள் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

கதவில் பூட்டு தொங்கியது. வெளிப்பக்கம்.

தெர்சூ பூட்டை இழுத்துப் பார்த்தான். பூட்டித்தான் இருந்தது. "அண்ணே" என்று கூப்பிட்டான். உள்ளே எஞ்சின் சத்தம் மட்டும்.

யாரோ வெட்டவெளியைக் காட்டினார்கள். நடுவழியில், மணல் மூட்டைகளுக்கு இப்பால், ஒரு தகரம் பாதி புதைந்து செங்குத்தாய் நின்றது. அதன் காலடியில் மண் மேடு. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்துக்கொண்டிருந்தது. ஒரு பூட்ஸ் தெரிந்தது.

கையால் தோண்டினோம்.

குப்புறக் கிடந்தான். தலை கொட்டகைப் பக்கம். போகும்போது விழுந்தவன், திரும்பும்போது அல்ல. தகரம் பின்கழுத்தில் இறங்கியிருந்தது. வாய் முழுக்க மண். கழுத்துக் கயிற்றில் சாவி அப்படியே இருந்தது. ஸ்பேனர் இடுப்புக்கு அடியில் கிடந்தது.

தலையில் தொப்பி இருந்தது. அணிவகுப்புக்குப் போகிறவன் மாதிரி நேராக வைத்திருந்தது.

தெர்சூ மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் கொல்லல. அவனே வந்து எடுத்தான். அக்கா, சொல்லு, அவனே வந்து எடுத்தான்ல?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். லாடி ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தச் சாவியால்தான் கொட்டகையைத் திறந்தோம். உள்ளே தரையில் புழுதி படர்ந்திருந்தது. ஒரு காலடி இல்லை. கழற்றிப் போட்டிருந்த கம்பி முனைகள் நாலும் அதனதன் இடத்தில் மாட்டி இறுக்கியிருந்தன. அந்த எஞ்சினை வெளியிலிருந்து ஸ்டார்ட் செய்ய வழியே கிடையாது. அதை அணைக்க யாருக்கும் துணிவில்லை. விடிய விடிய ஓடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

புயலால் தாமதமான ஹெலிகாப்டர் மறுநாள் காலையில்தான் வந்தது, அதில் ஒரு டாக்டர். தகரம் பட்ட நொடியிலேயே உயிர் போயிருக்கும், அறையை விட்டு இறங்கிய ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். தெர்சூவின் தோளைத் தட்டி, "உன் மேல தப்பில்லப்பா" என்றார். இலியாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் பிழைத்தான். இன்றைக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை.

ஹபிலாவைக் குளிப்பாட்டியது லாடி. உதவிக்கு யாரும் வராததால் தண்ணீர் ஊற்ற நான் போனேன். கழுத்தைத் தவிர உடம்பில் வேறு ஒரு கீறல் இல்லை. கைகளுக்கு வந்தோம். லாடி மண்ணைக் கழுவினாள். பிறகு கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

பத்து விரலிலும் நகம் இல்லை. நுனிச் சதை இல்லை. வெள்ளையாய் எலும்பு தெரிந்தது. எலும்பு இடுக்கிலெல்லாம் கறுப்புக் கிரீஸ்.

லாடி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கட்டுத்துணி எடுத்து இரண்டு கையையும் மணிக்கட்டுவரை சுற்றிக் கட்டினாள்.

அதற்கு அடுத்த நாள் ஊரிலிருந்து அவன் அம்மா வந்தாள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தீர்களே என்று எங்களுக்கு நன்றி சொன்னாள். சவப்பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவன் கையை ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும், கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றாள் லாடி. அம்மா எவ்வளவு கெஞ்சியும் அவிழ்க்க விடவில்லை.