படுக்கவைத்தே பார்த்தார்கள்

முதலில் ஒரு புடைப்புதான். திண்டிவனத்தில் நான் வேலை செய்யும் இ-சேவை மையத்தில், ஒரு ஃபைலை எடுப்பதற்காக வாக்கரைப் பிடித்து எழுந்தேன். இடது தொடை மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ தள்ளிக்கொண்டு நின்றது. படுத்ததும் காணாமல் போனது.

எனக்கு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா (பிறவியிலேயே எலும்பு பலமில்லாமல், லேசாக இடித்தாலும் முறியும் நோய்). முப்பத்து நான்கு வயதுக்குள் பதினேழு முறிவுகள். விழுப்புரத்தில் நான் போகும் மருத்துவமனையில் இந்த நோயைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் சேரக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். மண்டை முதல் கணுக்கால் வரை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் படுக்கவைத்துத்தான்.

புடைப்பைப் பற்றிச் சொன்னேன். பெரிய டாக்டர் படுத்த நிலையிலேயே அழுத்திப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியேம்மா. இடுப்பெலும்பு வளைஞ்சிருக்கு, அதான் அப்படித் தெரியுது."

"நின்னா வருது சார், படுத்தா உள்ள பூடுது" என்றார் கூட வந்த என் அண்ணி.

"அவங்கள நிக்க வச்சிக்கினு இருக்காதீங்க. ஒடஞ்சா பேஜாரு" என்றார் நர்ஸ்.

ஒவ்வொரு மாதமும் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் எலும்பைத்தான் பார்த்தார்கள். என்னைப் போன்றவர்களுக்குத் தலைவலி வந்தாலும் பழி எலும்பின்மேல்தான் விழும்.

உங்களுக்கும் இந்த நோய் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நமக்குக் கோளாறு கொலாஜனில் (எலும்பு, தசை, தோல் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் புரதம்). அது வலுவில்லாவிட்டால் வயிற்றுச் சுவரும் பலவீனப்படலாம், குடல் பிதுங்கலாம். அதுதான் ஹெர்னியா (குடலிறக்கம்). பெண்களுக்கும் வரும். பிதுங்கியது உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

புடைப்பு வந்த ஒன்பதாம் மாதம் எனக்கு அப்படித்தான் ஆனது. புடைப்பு உள்ளே போகவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் தானாகவே உள்ளே போய்விட்டது. அங்கே என்னை மறுபடியும் படுக்கவைத்தார்கள். சுற்றிலும் பத்து மாணவர்கள். பெரிய டாக்டர் பேனாவால் என் தொடை எலும்பின் வளைவைக் காட்டி, "இன்ட்ரஸ்டிங் கேஸ்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணி, வாக்கரக் குடுங்க."

"வாணாம் செல்வி, ஒடஞ்சிடப் போவுது."

"ஒடயட்டும். பதினேழோட பதினெட்டு."

நின்றேன். அடிவயிற்றிலிருந்து இருமினேன். நைட்டித் துணியைத் தள்ளிக்கொண்டு அது வெளியே வந்தது. "சார், ஹெர்னியா!" என்றாள் ஒரு மாணவி.

பெரிய டாக்டர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா இதை முன்னாடியே சொல்லல?"

அண்ணி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அறுவை சிகிச்சை இரண்டு நாளில் நடந்தது. முதுகு வளைந்திருப்பதால் தண்டுவட ஊசி போட முடியாது என்று முழு மயக்கம் கொடுத்தார்கள். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போடும்போது கழுத்து முறியலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முறியவில்லை. உள்ளே ஒரு வலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். என் உடம்பிலேயே முறியாத பாகம் அதுதான்.

ஆறு வாரம் கழித்து, ஆராய்ச்சியில் இருந்த இளம் டாக்டர் என் மையத்துக்கே வந்தார். என் ஹெர்னியாவையும் கட்டுரையில் சேர்க்கப் போகிறார்களாம்.

"ஜல்தியா ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கக்கா."

என் உடம்பைப் பற்றி எழுதியிருப்பதைக் காட்டச் சொன்னேன். வரிசையில் ஆள் நின்றாலும் நிதானமாகப் படித்தேன். இத்தனை வருடம் டாக்டர்கள் வாசலில் காத்திருந்தவள் நான். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: 'பரிசோதனையின்போது தற்செயலாகக் கண்டறியப்பட்டது.'

"இந்த வரிய அடிச்சுடுங்க."

கோடு போட்டு அடித்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: 'நோயாளி ஒன்பது மாதங்களாகச் சொல்லி வந்தார். யாரும் அவரை நிற்கவைத்துப் பார்க்கவில்லை.'

"படிங்க."

தலையைக் குனிந்தபடி படித்தார்.

"வரிசையில நிக்கறவங்களுக்குக் கேக்கல" என்றேன். "இன்னொரு தரம்."