கழுகக்கா கண்ணை மூடிய மாதம்

மருந்துப் பாட்டில் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதை யாராவது வாசித்தால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் கையைத் தூக்குவாள்.

பதினெட்டு வருடமாக ஒரே வேலை. உலையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் ஒரு பட்டையில் வரிசையாக நகர்ந்து வரும். அவற்றுக்குப் பின்னால், பால் நிறக் கண்ணாடிக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தை ஒரு பாட்டில் கடக்க அரை நொடி ஆகும். அதற்குள் கழுத்தில் மயிரிழை போல் விரிசல், அடியில் கல் துகள், வயிற்றில் குமிழி என்று எது இருந்தாலும் அவள் கை போய் அதை எடுத்துக் காலடித் தொட்டியில் போட்டுவிடும். கண் முதலில் பார்த்ததா, கை முதலில் போனதா என்று அவளாலேயே சொல்ல முடியாது. எல்லாவற்றையும்விட மோசமானது உள்ளே ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடும் கண்ணாடி இழை. அப்படி ஒரு பாட்டில் தப்பிப் போனால், இழை உடைந்து யாரோ ஒரு குழந்தையின் இருமல் மருந்தில் கலந்துவிடும். அதனால் அந்த விளக்கின் முன் உட்காருகிறவர்களுக்குத் தொழிற்சாலையில் தனி மரியாதை. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி. கழுகக்கா மட்டும் மாறமாட்டாள். அடுத்து உட்கார வேண்டியவள் வந்து நின்றால், நீ போய்த் தேநீர் குடித்துவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். வந்தவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அந்த வருட மருத்துவப் பரிசோதனையில் தொழிற்சாலை டாக்டர் அவள் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி இரண்டு தடவை காற்றடித்துப் பார்த்தார். நூற்று அறுபத்திரண்டு. விளக்கு மேசையில் இருப்பவர்களுக்கு நூற்று நாற்பதைத் தாண்டக்கூடாது. இரத்த அழுத்தம் ஏறினால் கண்ணைத்தான் முதலில் கெடுக்கும் என்றார் அவர். ஒரு சிறிய மாத்திரை எழுதிக் கொடுத்து, அது மட்டும் போதாது, உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், யோகா, தியானம் ஏதாவது செய்ய வேண்டும் என்று அடுக்கினார். ஒரு மாதம் தவணை. அதற்குள் இறங்காவிட்டால் அட்டைப்பெட்டிப் பிரிவு.

அட்டைப்பெட்டிப் பிரிவில் தட்டையாக வரும் அட்டைகளை மடித்துப் பெட்டியாக்குவார்கள். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் யாரும் பட்டப்பெயர் வைத்ததில்லை.

வீட்டில் சொன்னதும் ஆளுக்கு ஒரு வைத்தியம் கிளம்பியது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கணவர், எந்த இயந்திரமும் ஓயாமல் ஓடினால் சூடாகும், உனக்கு வேண்டியது தூக்கம் என்றார். கல்லூரியில் படிக்கும் மகள் போனைத் தடவி, அம்மா தூங்குவது எல்லாம் ஏற்கெனவே கணக்குக்கு மேல் இருக்கிறது, நடைதான் குறைவு என்றாள். மறுநாள் உப்பு டப்பா மேல் தட்டுக்குப் போனது. தன் தட்டுக்கு உப்பு வேண்டி அதை ஏறி எடுக்கிறவர் கணவராகவே இருந்ததால் அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

டயர் கடைக்கு மேலே இருந்த நீளமான அறையில் யோகா வகுப்பு நடந்தது. கண்டுபிடித்தவள் மகள். சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். முதல் நாள் கழுத்தை உருட்டச் சொன்னாள், இவள் உருட்டினாள். குனிந்து காலைத் தொடச் சொன்னாள், கை முழங்கால்வரை போயிற்று. கடைசியில் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர விடச் சொன்னபோது, கழுகக்கா கணவரின் வைத்தியத்தையும் சேர்த்துச் செய்து முடித்து, பக்கத்துப் பாயில் இருந்தவள் தட்டி எழுப்பித்தான் விழித்தாள்.

சிக்கல் தியானத்தில் வந்தது.

"கண்ணை மூடிக்குங்க. எண்ணம் வரும், வரட்டும். வந்தா பாருங்க, அவ்வளவுதான். இது நல்லது, இது கெட்டதுன்னு பிரிக்காதீங்க அக்கா. அதுவா போயிடும்" என்றாள் டீச்சர்.

அவள் கண்ணை மூடினாள். பட்டை ஓடத் தொடங்கியது. எண்ணங்கள் ஒவ்வொன்றாக, பாட்டில் பாட்டிலாக, வெளிச்சத்துக்கு முன்னால் வந்தன. மகளின் பரீட்சை. அட்டைப்பெட்டிப் பிரிவு. காலையில் அணைத்தோமா என்று தெரியாத அடுப்பு. அவள் வழக்கம்போல் கெட்டதை எடுத்துத் தொட்டியில் போட்டாள். பத்து நிமிடத்தில் தொட்டி நிரம்பிவிட்டது. கண்ணைத் திறந்தபோது வலது தோள் கடுத்தது. டீச்சரிடம் நடந்ததைச் சொன்னாள். எடுக்கக்கூடாது என்றாள் டீச்சர். எடுக்காவிட்டால் அது பெட்டிக்குள் போய்விடுமே என்றாள் இவள். டீச்சருக்கு இது புரியவில்லை. போனால் போகட்டும் என்றாள்.

போனால் போகட்டும் என்ற வார்த்தையைப் பதினெட்டு வருடத்தில் அவளிடம் யாரும் சொன்னதில்லை. அன்று முழுக்க அது செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆனாலும் பிடிவாதக்காரி. தினமும் காலையில் எழுந்து சமையலறைத் தரையில் பாயை விரித்து உட்கார்ந்தாள். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ அது நடந்தது. விரிசல் விழுந்த ஓர் எண்ணம் வந்தது, பார்த்தாள், கை எழவில்லை. அது தன்பாட்டில் போனது. அடுத்ததும் போனது. தோள் இறங்கியது. தெருமுனை மருந்துக்கடையில் அழுத்தம் பார்த்தபோது நூற்று நாற்பத்து நான்கு காட்டியது. மாத்திரையாலா, உப்பாலா, நடையாலா, உட்கார்ந்ததாலா என்று கடைக்காரரிடம் கேட்டாள். அவர் எனக்கெப்படி அம்மா தெரியும் என்றார்.

வீட்டில்தான் முதலில் கலக்கம். குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்ட கணவர், பழக்க தோஷத்தில் ஒரு திட்டுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. மறுநாளும் போட்டுப் பார்த்தார். வரவில்லை. மூன்றாம் நாள் துண்டைத் தானே எடுத்துக் காயப்போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"என் மேல ஏதாவது கோவமா?"

"இல்லையே."

"கோவம் இருந்தா சொல்லிடு. நீ திட்டாம இருந்தா எனக்குக் கை கால் ஓட மாட்டேங்குது."

மகளோ, கணிதத்தில் நாற்பத்தொன்று வாங்கிய தாளை நீட்டியபோது அம்மா சும்மா தலையசைத்ததைப் பார்த்து, அந்த டீச்சர் அம்மாவை என்னவோ செய்துவிட்டாள் என்று அப்பாவிடம் சொன்னாளாம். தான் நல்லவளாக மாறிவிட்டேனா, இல்லை அக்கறையில்லாதவளாகவா என்று கழுகக்காவுக்கே சந்தேகம் வந்தது. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே முகம்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் சோதனை பாட்டில்கள் வந்தன. எப்போது என்று சொல்லாமல், கெட்டவை என்று தெரிந்த பத்துப் பாட்டில்களை அடியில், மேசையிலிருந்து பார்த்தால் தெரியாத குறியிட்டு மேற்பார்வையாளர் பட்டையில் கலந்து விடுவார். மேசையில் இருப்பவர் பத்தையும் பிடிக்க வேண்டும். அவள் பத்தில் ஒன்றைக்கூட விட்டதில்லை. அன்று தொட்டியைக் கவிழ்த்துக் குறியிட்டவற்றை எண்ணியபோது ஏழு இருந்தது.

மேற்பார்வையாளர் இரண்டாவது முறையும் எண்ணினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளிடம்தான் குமிழியையும் கல்லையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்ணு மங்கலா இருக்கா அக்கா?" என்றார்.

இல்லை என்றாள். அதுதான் உண்மை. அந்த மூன்றையும் அவள் பார்த்திருந்தாள். மூன்றாவதில் இழை இருந்தது, வெளிச்சத்தில் பொன் கம்பியாய் மின்னியதுகூட நினைவிருக்கிறது. பார்த்தாள், அது போயிற்று. கை மடியில் இருந்தது. இதை எப்படி அவரிடம் சொல்வது? சொன்னால் கண்ணை விட்டுவிட்டு மூளைக்குப் பரிசோதனை எழுதுவார்கள். சோதனைக்கு விட்ட பாட்டில்களை அவர்களே எடுத்துவிடுவார்கள், சரி. மற்றப் பாட்டில்களில் இன்று எத்தனையைப் போகவிட்டேன்? அவளாகவே கேட்டுக்கொண்டு, அன்று தன் மேசை வழியாகப் போன பெட்டிகள் அத்தனையையும் பிரிக்கச் சொன்னாள். இரண்டு பேரோடு உட்கார்ந்து மாலைவரை பார்த்தார்கள். ஒரு குமிழிதான் அகப்பட்டது. அப்போதும் நிம்மதி வரவில்லை.

விதிப்படி மறுசோதனை உண்டு. அதுவரை அவள் பார்த்து அனுப்பும் பாட்டில்களை இன்னொருவரும் பார்ப்பார். மேற்பார்வையாளர் அதையும் டாக்டரின் தவணை நாளன்றே வைத்தார். காலையில் பத்துக்குப் பத்து, பிறகு அழுத்தம் நூற்று நாற்பதுக்குள். இரண்டும் இருந்தால் இருக்கை அவளுடையது.

இங்கேதான் அவள் திணறிப்போனாள். தியானத்துக்கு உட்காருவதை நான்கு நாள் நிறுத்தினாள். கை பழையபடி பாய்ந்தது, கணவர் திட்டு வாங்கி முகம் மலர்ந்தார், மருந்துக்கடை இயந்திரம் நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. மறுபடி உட்கார்ந்தாள். எண் இறங்கியது, கையும் மந்தமாயிற்று. காலையில் செய்ததை மாலைக்கு மாற்றிப் பார்த்தாள். அதில் கொஞ்சம் பலன் தெரிந்தது போலவும் தெரியாதது போலவும் இருந்தது. டீச்சரிடம் போய், பிரிக்கவும் வேண்டும், பிரிக்கவும் கூடாது என்றால் மனுஷி என்ன செய்வாள் என்று கேட்டாள். டீச்சர், தன்னிடம் வருபவர்கள் எல்லோரும் கணினி முன்னால் இருப்பவர்கள், இப்படி ஒருவரும் கேட்டதில்லை, தன் டீச்சரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அந்தப் பதில் வருவதற்குள் தவணை நாள் வந்துவிட்டது.

அன்று காலை மேசையில் உட்கார்ந்ததும் அவள் எதையும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை உயர்த்திக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலையும் எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். பத்தும் இருந்தன. மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார்.

நேரே டாக்டர் அறை. கையில் பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று ஐம்பத்து நான்கு.

டாக்டர் பேனாவை எடுக்கவில்லை. அவசரமாக வந்திருப்பீர்கள், வெளியே நாற்காலியில் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு வாருங்கள் என்றார். நடைபாதையில் உட்கார்ந்து அவள் கண்ணை மூடினாள். பட்டை ஓடியது. இருக்கை போய்விடும் என்ற பயம் வந்தது, பார்த்தாள், போனது. மறுபடி உள்ளே கூப்பிட்டு அளந்தபோது நூற்று முப்பத்தாறு.

"பாத்தீங்களா, சரியாயிடுச்சு" என்று டாக்டர் படிவத்தை இழுத்தார்.

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது விசித்திரமான ஒரு தயக்கம். அந்த எண்ணில் ஏதோ ஒரு விரிசல் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. விட்டால் போய்விடும். போகவிடத்தான் இந்த ஒரு மாதம் பழகியிருந்தாள்.

"எதை எழுதப் போறீங்க டாக்டர்?"

"இப்ப வந்ததைத்தான்."

"இது நாற்காலில உக்காந்தப்ப வந்தது. நான் நாள் முழுக்க நாற்காலிலயா இருக்கேன்? அந்த வெளக்கு முன்னாடி இருக்கறப்ப மொதல்ல வந்ததுதான் வரும்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முதல் எண்ணை எழுதினால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். பிறகு எதற்கு இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை, சொன்னது தன் வாய்தானா என்பதே சந்தேகமாக இருந்தது. மேசையில் எத்தனை நேரம் தொடர்ந்து உட்காருவீர்கள் என்று அவர் கேட்டபோதும் ஒளிக்காமல், சில நாள் மூன்று மணி நேரம் என்றாள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஒரே கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி இரண்டு எண்களையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு கட்டத்தில் இரண்டு எண் இருந்தால் என்ன செய்வது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் படிவம் மேசை மேசையாகச் சுற்றியது. கடைசியில் ஒரு முடிவு வந்தது. அரை மணி விளக்கின் முன்னால், அரை மணி அட்டைப்பெட்டிப் பிரிவில். மாறி மாறி. மணியடித்தால் எழுந்தே ஆக வேண்டும்.

ஜெயித்தாயா தோற்றாயா என்று கணவர் கேட்டார். பாதி பாதி என்றாள். அப்படி ஒன்று உண்டா என்றார் அவர்.

முதல் நாள் மணியடித்தபோது அவள் பழக்கத்தில் எழவில்லை. அடுத்து உட்கார வேண்டியவள் வந்து நின்று, "எழுந்திரிங்க அக்கா, எனக்குத் திட்டு விழும்" என்றாள். எழுந்து அந்தப் பக்கம் போனாள். அட்டையை எப்படி மடிப்பது என்று ஒருத்தி காட்டினாள். இங்கே அழுத்து, அங்கே திருப்பு, அவ்வளவுதான். ஓரம் கிழிந்த ஓர் அட்டை வந்தது. கழுகக்கா அதைத் தனியே எடுத்து வைத்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அதை வாங்கி, இதெல்லாம் பரவாயில்லை, ஒட்டினால் தெரியாது என்று மடித்துப் பெட்டியாக்கிவிட்டாள். கழுகக்கா அந்தப் பெட்டியையே பார்த்தபடி நின்றாள். இந்த இடத்தில் தான் எடுக்க வேண்டியவளா, விட வேண்டியவளா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அடுத்த அட்டை வந்துவிட்டது.