நிலத்துக்காரியின் கைரேகை

போன மாதம் நான் படித்த கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். தலைப்பு, 'பொதுக் காரியத்தில் இறங்கச் சுலபமான வழிகள்'. சுலபமான என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் போனேன். கிராமசபைக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள், வாயே திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்றேன். உடைந்த குழாயைப் போட்டோ எடுத்து அதிகாரிக்கு அனுப்புங்கள் என்றேன். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குங்கள், எல்லாவற்றிலும் அதுதான் சுலபம் என்று சொல்ல வாயெடுத்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் காலத்திலும் இதே தலைப்புதான். நான் இரண்டாம் ஆண்டு. கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் போகிற பேருந்தில் ஏறி, நடுவழியில் இறங்கி, கரிசலுக்குள் ஒரு மைல் நடந்தால் வருகிற ஊர் என் தோழியின் ஊர். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போகிற ஒற்றையடிப் பாதையை ஒட்டி ஒரு பாழுங்கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. தரையோடு தரையாகத் திறந்து கிடக்கும். மழைக்காலத்தில் கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு வழுக்கும்போது, பாதை எங்கே முடிகிறது, கிணறு எங்கே தொடங்குகிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது.

அதில் ஒருத்தி விழுந்து செத்திருந்தாள். பிளஸ் டூ படிக்கும்போது, ஐப்பசி மழையில். படிப்பை முடித்திருந்தால் எங்கள் வகுப்பில் எங்களோடு உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பிறகும் சுவர் வரவில்லை. நாங்கள் போன வாரத்தில்கூட இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விளிம்பில் சறுக்கி, புல்லைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். அந்தக் கிணற்றை மூட வேண்டும் என்று மனு எழுதினோம். ஊரில் கையெழுத்து வாங்கி, திங்கள்கிழமை தூத்துக்குடி மனுநாளில் கலெக்டரிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

கையெழுத்து என்றா சொன்னேன். பாதிக்குமேல் பெருவிரல்தான். ஊர்ப் பெண்கள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள். பேக்டரியை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வருடக்கணக்காக மருந்திலும் பசையிலும் குச்சியிலும் தேய்ந்து அவர்கள் விரலில் ரேகை அழிந்துபோயிருந்தது. ரேஷன் கடை மெஷின் அவர்களை ஆள் என்றே ஒத்துக்கொள்ளாது. மை தொட்டு வைத்தால் காகிதத்தில் வழவழவென்று ஒரு நீலப் பொட்டு விழும். அவ்வளவுதான். சாயங்காலம் அந்தத் தாளை நான் புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் பொட்டு. கண்ணும் மூக்கும் இல்லாத முகங்கள் வரிசையாக நிற்பதுபோல இருந்தது. சட்டென்று மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கிணறு இருந்த நிலம் செத்துப்போனவளின் அம்மாவுடையது. புருஷனும் இல்லை. நிலத்துக்காரி ஒப்புக்கொள்ளாமல் கிணற்றை மூட முடியாது. ஆகவே மனுவின் தலையிலேயே, ஊரே அக்கா என்று கூப்பிடுகிற அந்த அம்மாவின் பெயரை எழுதி இடம் விட்டிருந்தோம். மகளைப் பறிகொடுத்தவள், முதல் ஆளாக வைப்பாள் என்று நினைத்தோம். வீடு கிணற்றுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில்.

ஆபீஸ் வேன் வந்து இறக்கிவிட்டதும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. தூக்குவாளியோடு நேராகக் கிணற்றுக்குப் போனாள். நாங்கள் நிற்பதைப் பார்க்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்து, சாதாரணமாக, "வந்துட்டேன்ட்டி" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழிருந்து "ட்டேன்ட்டி" என்று வந்தது. எதிரொலி என்று எனக்குத் தெரியும். இயற்பியல் படிக்கிறவள் நான். ஆனால் அது வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். யோசித்துச் சொல்வதுபோல இருந்தது. அக்காவின் குரல் கட்டைக் குரல். மேலே வந்தது இளசாக இருந்தது. தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மனுவை வாசித்துக் காட்டினோம். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"நான் வைக்க மாட்டேன், தாயி."

"ஏன்க்கா? இன்னொரு பிள்ளை விழுந்துட்டா?"

"சுவர் கட்டச் சொல்லுங்க, வைக்கேன். மூட வேண்டாம்."

"சுவர் கட்டினா நிக்காதுக்கா. கரிசலு வெடிச்சு வெடிச்சுத் தள்ளிரும்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு."

அக்கா தூக்குவாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "காலைல ஆபீசுக்குப் போகும்போது, போயிட்டு வாரேன்ட்டின்னு சொல்லுவேன். வாரேன்னு அவ சொல்லுவா. கிணத்துக்குள்ள கத்துனா திரும்ப வரும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் காதுல விழுதுல்லா. அதையும் மூடணுமா?"

பதில் தெரியாதபோது கோபம் வருகிற சுபாவம் எனக்கு. திரும்பி நடக்கும்போது தோழியிடம் பொரிந்து தள்ளினேன். செத்தவளோடு பேசுவதற்காக உயிரோடிருக்கிற பிள்ளைகளைப் பலி கொடுப்பதா என்றேன். ஆடு மேய்த்துக்கொண்டு எதிரே வந்தவர் கிணற்றைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம் நிற்பதைக் காட்டி, "அங்கன மட்டும் ஆடு வாய வைக்காது, பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

திங்கள்கிழமை காலை, தூத்துக்குடி பேருந்து. தோழி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மனுவின் தலையில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. புல்லைப் பிடித்துத் தொங்கிய பையன் நினைவுக்கு வந்தான். சத்தியமாக அவன்தான் நினைவுக்கு வந்தான், இன்றும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். மைப்பெட்டியைத் திறந்து என் பெருவிரலைத் தொட்டு அழுத்தினேன். மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு சுலபம்.

பத்து நாளில் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு ஊரைக் கூட்டினார். எங்களையும் வரச் சொல்லியிருந்தார். தாளைப் புரட்டிப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, ஒருத்தருக்கும் ரேகையே இல்ல?" என்றவர் முதல் பக்கத்துக்கு வந்து நிறுத்தினார். "நிலத்துக்கார அம்மாவுக்கு மட்டும் அச்சுக் குத்துன மாதிரி விழுந்திருக்கு."

நான் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் புரிந்தது. கள்ள ரேகை வைக்கிறவள் அந்த ஊரில் விரலைத் தேய்த்து அல்லவா வைத்திருக்க வேண்டும். அத்தனை பொட்டுக்கும் மேலே வரிவரியாக, சுழிசுழியாக, படிக்கிற பிள்ளையின் விரல்.

"நான் வைக்கலையே, சார்" என்றாள் அக்கா.

"வைக்கலையா? அப்போ இது போலி. யார் வச்சதுன்னு போலீசுல எழுதிக் குடுக்கணும்" என்று அவர் எங்கள் பக்கம் பார்த்தார்.

அக்கா தாளைக் கேட்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளும் அந்நேரம் பார்த்து ஓய்ந்துபோனார்கள். அக்கா தன் பெருவிரலை அந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இது எம் மக கை."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவளை நான் ஒரு நாளும் குச்சியத் தொடவிட்டதில்ல, சார். எங்க வீட்டுல ரேகை இருந்த கை அவ கை ஒண்ணுதான். அவளே வச்சிருக்கா. மூடணும்னு அவளே சொல்லும்போது நான் என்ன சொல்ல? கொண்டாங்க." மையைத் தொட்டு, என் ரேகைக்குக் கீழே வைத்தாள். வழவழவென்று ஒரு பொட்டு விழுந்தது. அலுவலருக்கு வியர்த்துவிட்டது. பெண்களில் ஒருத்தி கிணற்றுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன், வேறென்ன செய்வேன்.

மாசியில் ஜேசிபி வந்தது. அக்கா டிரைவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு விளிம்புக்குப் போய், "போயிட்டு வாரேன்ட்டி" என்றாள். "வாரேன்ட்டி" என்று வந்தது. அவள் தள்ளி வந்ததும் மண்ணைக் கொட்டினார்கள். முதல் நாலைந்து வாளி மண் விழுந்த சத்தமே கேட்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். மூடப்போய்ப் பூதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நான் ஒருத்திதான். அந்த ஊரில் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் விழவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லூரியில் பேசிவிட்டு வந்த வாரம் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்துப் போனேன். ஆபீஸ் வேன் வருவதற்கு முன்னால் அக்காவைப் பிடிக்க வேண்டும். கிணறு இருந்த இடம் தூரத்திலேயே தெரிந்தது. எத்தனை தடவை மண் போட்டாலும் மழைக்கு மழை ஒரு சாண் உள்ளே இறங்கிவிடுகிறதாம். வெயிலுக்குச் சுற்றிலும் கரிசல் வெடித்திருந்தது. மற்ற இடங்களில் தாறுமாறாக வெடிக்கிற மண், அங்கே மட்டும் வட்டமாக வெடித்திருந்தது.

அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தவளிடம், பஸ்ஸில் ஒப்பித்துக்கொண்டே வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அந்த ரேகை உங்கள் மகளுடையது இல்லை, என்னுடையது என்றேன்.

"தெரியும்" என்றாள், வாளியை மூடிக்கொண்டே. "அன்னைக்கே தெரியும். உன் மூஞ்சியப் பாத்தேம்லா."

"பின்ன ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"உன்னைப் போலீசுல பிடிச்சுக் குடுக்கவா? நீயும் அவ வயசுதான."

நான் அழுதேன். அக்கா என்னைத் தேற்றவில்லை, திட்டவுமில்லை. அழுது முடிக்கட்டும் என்று நின்றாள். ரோட்டில் வேன் ஹாரன் கேட்டது.

"இன்னும் போகும்போது சொல்லத்தான் செய்யுதேன்" என்றாள். "பதில்தான் இல்ல. நீதான மூடுன. ஒரு தடவ நீ அங்கன போயி நில்லேன்."

எனக்குப் புரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெடிப்பைத் தாண்டி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினேன். மண் காலடியில் மெத்தென்று ஒரு விரற்கடை அமுங்கியது. காலை வெயிலில் மற்ற மண்ணெல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, அது மட்டும் குளிர்ந்திருந்தது.

அக்கா வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாதாரணமாக, "போயிட்டு வாரேன்ட்டி" என்றாள்.

கொஞ்சம் பொறுத்து, "வாரேன்" என்றேன். அவ்வளவு இளசான குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

அக்கா நின்றாள். பிறகு வேனைப் பார்த்து நடந்தாள். ஏறும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அங்கே நிற்பது நான்தான் என்று தெரிந்துபோகும்.