வாசலில் நின்ற யானைக்குக் காபி

முதல் நாவலிலேயே மிருகத்தைப் பேச வைக்கத் துணிந்த நண்பர்களே, உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிரௌசிங் சென்டருக்கு ஓடிவந்து இதை நம் எழுத்தாளர் குழுவில் எழுதுகிறேன்.

என் நாவலில் தொண்டாமுத்தூர் காட்டு யானை ஒன்று விவசாயி வீட்டு வாசலில் நின்று, தன் வழியில் எதற்கு வேலி என்று கேட்கும். படிப்பவர்கள் சிரிப்பார்கள் என்று பதிப்பாளரே பயந்தார்.

இன்று பஸ்ஸில் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க தம்பி, உங்க நாவலப் படிச்சனுங்க. ஊட்டு வாசலுக்கு வந்தவங்கள ஒரு வாய் காபி குடிங்கன்னுகூடக் கேக்காம அனுப்பிப்போட்டீங்களே, நல்லாவா இருக்குது?”

“அக்கா, வந்தது யானைங்க.”

“யாரா இருந்தா என்னங்க?”

ஆகவே நண்பர்களே, யானையைப் பேச வைத்தாலும் அதற்குச் சட்டை மாட்டாதீர்கள், நீதி சொல்ல விடாதீர்கள். அந்த யானைக்காகப் பரிந்து யாராவது உங்களிடம் சண்டைக்கு வந்தால் தேறிவிட்டீர்கள்.

நான் தேறிவிட்டேன்!

இரண்டாம் பதிப்பில் காபி உண்டு. சர்க்கரை எவ்வளவு போடுவதென்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.