தங்கச்சிக்குச் சுற்றிப்போட்ட மிளகாய்

சின்னம்மா கத்தாரிலிருந்து அனுப்பும் பார்சல்களில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும். அவருடைய மகளுக்குச் சட்டை வந்தால் எனக்கும் சட்டை, அவளுக்குச் செருப்பு வந்தால் எனக்கும் செருப்பு. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த ஒரு பார்சலில்தான் அந்தக் கணக்கு பிசகியது. டிஷ்யூ தாளில் மடித்து, ஏழு விதைகள் அவளுக்கென்று மட்டும் வந்திருந்தன. பப்பாசி விதை மாதிரிக் கறுப்பாக இருந்தன.

சின்னம்மா அங்கே ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுச் சமையல்காரப் பெண்ணுக்குப் பெரு நாடு. அவளுடைய ஊரும் எங்கள் ஊர்போல மலையாம், பனியாம், அங்கே வீட்டுக்கு வீடு இந்த மிளகாய் நிற்குமாம். ரொக்கோட்டோ என்று பெயர். "நம்ம றக்வானையிலயும் நல்லா வரும், நட்டுப் பாருங்க" என்று சின்னம்மா போனில் சொன்னார். மற்ற மிளகாய்க்கு விதை வெள்ளை, இதற்கு மட்டும் கறுப்பு என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது.

சின்னம்மாவின் மகள், என் தங்கச்சி, எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னைவிட எட்டு மாதம் இளையவள். அவள் வந்த நாளிலிருந்து அம்மாவின் வாயில் ஒரு வாக்கியம் குடியேறிவிட்டது: "தாயி பக்கத்துல இல்லாத புள்ள." முட்டை ஒன்றுதான் இருந்தால் அவளுக்கு, ஏனென்றால் தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை. ஜன்னலோரப் படுக்கை அவளுக்கு, அதே காரணம். காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அவசரத்தில் அம்மா அவள் தலையை மட்டும் வாரிப் பின்னிவிடுவார். நானே பின்னிக்கொள்ளும் வயது எனக்கு வந்துவிட்டதாம். எட்டு மாதத்தில் அந்த வயது எப்படி வந்தது என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. தாய் பக்கத்தில் இல்லாதது ஏதோ பெரிய பதவி என்றும், அவளுக்கு அதிர்ஷ்டத்தில் கிடைத்துவிட்டது என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு விதைகளில் இரண்டை அவளே எனக்குக் கொடுத்தாள். "நீயும் போடுக்கா" என்றாள். கொடுக்காமல் இருந்திருந்தால் அவளைத் தாராளமாக வெறுத்திருக்கலாம். அந்த வசதியையும் அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

நான் என் விதைகளைப் பால்மா டின்னில் போட்டேன். முளைத்துவிட்டதா என்று தினமும் தோண்டிப் பார்த்தேன். பத்தாம் நாள் ஒன்று அழுகியிருந்தது, மற்றதைக் காணவே இல்லை. அவளுடைய ஐந்தில் மூன்று முளைத்தன. ஒன்றைக் கோழி கொத்தியது, ஒன்றை மழை அடித்துக்கொண்டு போனது. மிஞ்சிய ஒன்றை அப்பா பழைய பெயின்ட் வாளிக்கு மாற்றி வைத்தார். பெக்டரியில் வேலை செய்த அவர், அங்கே ஒதுக்கும் கழிவுத் தேயிலையைப் பையில் கொண்டுவந்து அதற்கு உரமாகப் போட்டார். எங்கள் வாழைக்கு ஒருநாளும் அந்த யோகம் அடித்ததில்லை.

செடி இடுப்புயரம் வந்தது. இலையெல்லாம் பூனைக்குட்டி மாதிரி மயிர். பூ ஊதா நிறம். மிளகாய்ப் பூ ஊதாவாக இருக்குமா என்று மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்தும் கீழ் லயத்திலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் தங்கச்சியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு காய் பிடித்து, தக்காளி மாதிரி உருண்டு, பளபளவென்று சிவந்தது. சந்திக் கடை முதலாளிக்குக் காட்ட அவள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். "மேக மொன மிரிஸ்த, துவே?" என்று சிங்களத்தில், இது என்ன மிளகாய் மகளே என்று கேட்டு, அவர் அவளுக்கு ஒரு டொபி கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, சரி, நீயும்தான் நிற்கிறாயே என்பதுபோல எனக்கும் ஒன்று கொடுத்தார். அந்த டொபியை நான் தேயிலைக்குள் வீசிவிட்டேன். பிறகு போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.

முதல் காய்களைச் சமைக்கும் முறையைச் சின்னம்மா வீடியோ கோலில் சொன்னார். எங்கள் லயத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் வரும். நாங்கள் நால்வரும் அங்கே நின்றோம். "ரெண்டாப் பொளந்து, வெதைய எடுத்துட்டு, உள்ளுக்கு எறச்சி வச்சு..." என்பதுவரை கேட்டது. பிறகு சின்னம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. இவ்வளவு தெரிந்தால் போதாதா என்று அம்மா வீட்டுக்கு வந்து, கறிமிளகாய்க்குச் செய்வதைப்போலவே உருளைக்கிழங்கும் டின்மீனும் பிசைந்து உள்ளே வைத்துப் பொரித்தெடுத்தார். மூன்று தடவை தண்ணீர் மாற்றி அவித்து உறைப்பை எடுக்க வேண்டும் என்று சின்னம்மா சொன்ன மிச்சப் பாதி மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

அப்பாதான் முதலில் கடித்தார். முகம் காயின் நிறத்துக்கு வந்தது. "ஒன்னுமில்ல, கொஞ்சம் ஒறைப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பீலியடியில் கொட்டும் தண்ணீரில் வாயை வைத்தவர் வெகுநேரம் திரும்பவில்லை. அன்று எனக்கு நல்ல சந்தோஷம். செடி தோற்றுவிட்டது என்று நம்பிச் சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அம்மா ஒரு துண்டை மட்டும் தேங்காய்ச் சம்பலில் சேர்த்து இடித்து, ரொட்டியோடு மலைக்குக் கொண்டுபோனார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். உறைப்புக்குள் பழ வாசம் வருகிறதாம். சாயங்காலம் கிண்ணத்தோடு நாலு பேர் வாசலில் நின்றார்கள். தங்கச்சி கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள். என்னை அவர்கள் வழியை மறிக்கும் கோழியைப்போல ஒதுங்கச் சொன்னார்கள்.

அடுத்த நாளிலிருந்து காலையில் பல் விளக்கும்போது செடிக்கு முன்னால் நின்றுகொண்டு, பட்டுப்போ, பட்டுப்போ என்று மனதுக்குள் சொல்லத் தொடங்கினேன். நேராகப் பார்த்து, கண்ணை மூடாமல் சொன்னேன். ஒன்பதாம் நாள் இலைகள் சுருண்டன. அன்று மாலையே தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது.

எனக்கு உயிர் போய்விட்டது. நான் செடியைத்தான் சொன்னேன், அவளைச் சொல்லவே இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் கொடுத்துக் காய்ச்சல் விட்டது, ஆனால் அவள் சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை வந்து பார்த்துவிட்டு, "செடியும் வாடிருச்சு, புள்ளயும் வாடிருச்சு. யாரோ நல்லாக் கண்ணு வச்சிட்டாங்க. சுத்திப் போடுங்க, நெருப்பு காட்டிக் குடுத்துரும்" என்றார்.

நெருப்பு எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றித் தணலில் போட்டு, நெடி கிளம்பினால் கண்ணேறு இல்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. பிறகு யாருடைய கண் என்று பேச்சு வரும். லயத்தில் ஒருத்திக்குக் கொள்ளிக்கண் என்று பெயர் விழுந்துவிட்டால் கல்யாண வீட்டில்கூட அவளைப் பின்னுக்குத்தான் உட்காரவைப்பார்கள். எல்லாவற்றையும்விட, அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது அம்மா தங்கச்சியை வாசலைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, உப்பும் மூன்று காய்ந்த மிளகாயும் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். மிளகாய்ப் போத்தலைத் திறந்தேன். இந்த மூன்று மிளகாய் என் ஒன்பது நாள் பார்வைக்கு முன்னால் எந்த மூலைக்கு? நெடி வராது, நிச்சயம் வராது. அடுப்புக்கு மேலே கம்பித் தட்டில், விதைக்கென்று அம்மா பாதி பாதியாக வெட்டிக் காயவைத்திருந்த ரொக்கோட்டோ இருந்தது. அப்பாவையே பீலியடிக்கு ஓடவைத்த மிளகாய் இது, எந்தக் கண்ணுக்கும் அடங்காது. மூன்று துண்டை எடுத்துச் சின்னதாகப் பிய்த்து உப்போடு கலந்து, பேப்பரில் பொட்டலமாக மடித்துக் கொடுத்தேன்.

அம்மா அதைக் கையில் கொட்டி மூடிக்கொண்டு சுற்றினார். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, கொள்ளிக் கண்ணு, கூடப் பொறந்த கண்ணு..." கடைசிச் சொல்லுக்கு நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். தங்கச்சி மூன்று தடவை துப்பினாள். அம்மா தணலில் போட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அப்பா சாரத்தைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். அத்தை காறினார், அம்மா காறினார், அடுத்தடுத்த காம்பராக்களில் கதவுகள் திறந்து பிள்ளைகளும் கிழவர்களும் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். எங்கள் நாய் தும்மிக்கொண்டே தேயிலைக்குள் இறங்கி ஓடியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அத்தை தீர்ப்புச் சொன்னார்: "இம்புட்டு நெடி வருதுன்னா, புள்ளைக்கு ஒரு கண்ணும் இல்ல. வெறும் காச்சல்தான்."

நான் தப்பிவிட்டேன். ஆனால் வாசலில் நின்று மூச்சு வாங்கும்போது உள்ளே ஒரு குறையும் இருந்தது. ஒன்பது நாள் பட்ட பொறாமைக்கு ஒரு கண் என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை.

அப்போது அம்மா என்னைப் பார்த்தார். "நீயும் வந்து ஒக்காரு. ஒரு கையோட ஒனக்கும் சுத்திப் போட்டுர்றேன்."

எனக்கு நினைவு தெரிந்து யாரும் எனக்குச் சுற்றிப்போட்டதில்லை. கண் வைக்க என்னிடம் என்ன இருந்தது? உப்பும் மிளகாயும் எடுக்க ஒருவரும் உள்ளே போகத் துணியாதபோது, தங்கச்சிதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், கண்ணில் நீர் வழியக் கொண்டுவந்து கொடுத்தாள். போத்தலில் இருந்த சாதாரண மிளகாய். அம்மா சுற்றினார், நான் துப்பினேன், கதவருகே இழுத்துவைத்த தணலில் போட்டார்.

நெடியே வரவில்லை. எல்லோரும் குனிந்து மோந்து பார்த்தார்கள். அந்தப் புகைக்குப் பிறகு யாருடைய மூக்கு வேலை செய்திருக்கும் என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது, அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. "பாத்தியளா, கண்ணு பூராவும் இவ மேலதான் இருந்திருக்கு" என்றார் அத்தை. அம்மாவின் முகம் மாறிவிட்டது. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் நெட்டி முறித்தார். "ஏம் புள்ளய யாரு இப்படிப் பாத்தாங்களோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கச்சி கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் கைகளையே பார்த்தபடி நின்றாள். புகை போய்விட்டது, அவள் மட்டும் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்மேலும் யாரோ பொறாமைப்பட்டிருக்கிறார்கள். யாராக இருக்கும் என்று மடியில் கிடந்தபடியே யோசித்தேன். அத்தையின் மகளைச் சந்தேகப்பட்டேன். மேல் லயத்துப் பிள்ளைகள் எல்லோரையும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். தங்கச்சி எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவளிடம் இல்லாத ஏதோ ஒன்று என்னிடம் இருக்கிறது என்று அன்று யாராவது சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.