அரசலாற்றங்கரையில் சொன்ன பொய்

மனைவி இறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தலத்தெருவிலிருந்து சைக்கிளில் கிளம்பிவிடுவேன். அரசலாற்றை ஒட்டிய சாலையில் இருபுறமும் வயல்தான். ஒருவரிடமும் பேச வேண்டியிராது.

ஒருநாள் வழியிலிருந்த சோழர் காலக் கோயிலைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நாற்றுக்கட்டோடு வந்த பெண் ஒருத்தி நின்றாள்.

"நீங்களும் நில்லுங்கண்ணே, நான் எடுக்குறேன். அண்ணிகிட்ட காட்ட வேணாமா?"

"ஆமாம்மா, போனதும் கேப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ, வாயில் வந்துவிட்டது.

நாற்றுக்கட்டை வரப்பில் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினாள். "மொகத்த இப்புடி வச்சிருந்தா அண்ணி பயந்துடுவாங்க. கொஞ்சம் சிரிங்க."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

இன்றும் அந்தப் பக்கம் போனால், வயலில் நின்றபடியே அந்தப் பெண் கேட்கிறாள்: "அண்ணி நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காம்மா" என்கிறேன். உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி வீட்டில் இருப்பதாக நினைக்கும் ஒரே ஆள் அவள்தான்.