தீப்பெட்டிக்குள் ஒரு கம்பளிப்பூச்சி

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் ஒரு சீமை இஞ்சின் ஏழு மாதம் குடியிருந்தது. அந்த ஏழு மாதமும் எங்கள் பசு வெளியே வேப்பமரத்தடியில் கட்டிக் கிடந்தது. மழை வந்தால் பசுவுக்கு ஒரு சாக்கு, இஞ்சினுக்கு அம்மாவின் கலியாணச் சமுக்காளம். எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் பசுவிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இஞ்சினைக் கொண்டுவந்தவர் என் அய்யா. எங்கள் பக்கத்தில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவனியாபுரத்தில் அவருடைய சொந்தபந்தம் முழுக்க நிலத்தை உழுது பிழைக்கும் சம்சாரிகள். அவர் ஒருவர்தான் நிலத்தை அம்மா பொறுப்பில் விட்டுவிட்டு மதுரை மில் ஒன்றின் பட்டறையில் பிட்டராகப் போனவர். மில்லில் எந்த மெஷின் நின்றாலும் அவரைத் தேடுவார்கள். அங்கே வெள்ளைக்காரத் துரை ஒருவர் இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சைக் கார் ஒன்று வைத்திருந்தார். மேலே கூரை கிடையாது. கதவு என்று சொல்லும்படியாகவும் ஒன்றும் கிடையாது. ஆனால் கிளம்பிவிட்டால் புழுதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காருக்கு வைத்தியம் பார்க்க அய்யாவைத் தவிர வேறு யாரையும் துரை விடமாட்டார்.

யுத்தம் முடிந்து பட்டாளம் போன பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து விமான மைதானம் சும்மா வெயிலில் காய்ந்து கிடந்தது. மில் துரைகளும் மலைத்தோட்டத்துத் துரைகளும் சேர்ந்து, பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் கார்ப் பந்தயம் விட்டார்கள். மாடு பிடிக்கிறதைப் பார்த்த கூட்டம் அப்படியே இதையும் பார்க்க வந்தது. மொத்தம் பத்துச் சுற்று. நாலாவது சுற்றில், முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கார் ஒரு அலறலோடு நின்றுவிட்டது. எண்ணெய் போய்ச் சேராமல், உள்ளே ஒரு பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது.

துரை அத்தனை பேர் முன்னிலையிலும் அய்யாவைத் திட்டினார். இஞ்சினைக் கெடுத்தவன் என்ற பேரோடு மறுநாளே அவரை மில்லை விட்டு அனுப்பிவிட்டார்கள். இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவர் கெஞ்சியும் தொடவிடவில்லை. வேலை போனதைக்கூட அய்யா பொறுத்துக்கொண்டார், அந்தப் பேரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. என் கைமேல் குற்றமில்லை, துரைக்கு மிதிக்கத் தெரியவில்லை, இஞ்சின் சூடேறுமுன்பே போட்டு மிதித்துவிட்டார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். காபிக் கடையில் சொன்னார், கம்மாய்க் கரையில் சொன்னார். அம்மாவின் தம்பியான என் மாமா பாரவண்டி ஓட்டுபவர். வண்டி போன ஊரிலெல்லாம் அவரும் இதைச் சொன்னார், கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்து. கதை வில்லாபுரத்தைத் தாண்டும்போது அந்தத் துரைக்குக் காரே ஓட்டத் தெரியாது என்று ஆகியிருந்தது.

ஐந்து மாதம் கழித்துச் சீமையிலிருந்து கப்பலில் புதுப் பிஸ்டன் வந்தது. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் துரைக்கு அகப்படவில்லை. சேதி தெரிந்த அன்றே அய்யா வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கோச்சடையில் இருந்த துரை பங்களாவுக்கு நடந்தே போனார். அங்கே சொன்னதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தார்.

"நானே பிரிச்சு மாட்டுறேன் துரை, கூலி வேணாம். அடுத்த பொங்கப் பந்தயத்துல பத்துச் சுத்தும் நிக்காம ஓடுச்சுன்னா, பட்டறை ஆளுக முன்னால ஒரு வார்த்த சொல்லணும். போன வருசம் தப்பு என் மேல இல்லன்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

துரை ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாராம்.

மாமாவின் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் இஞ்சினைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். பள்ளம் வந்தபோதெல்லாம் அய்யா இறங்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாராம். "எங்க அக்காவ உங்க வீட்டுக்குக் கூட்டியாரயில கூட நான் இம்புட்டுப் பதனமா வரல மச்சான்" என்று மாமா சிரித்தார். அய்யா சிரிக்கவில்லை. சிரிப்பதையெல்லாம் அவர் அடுத்த பொங்கலுக்கு ஒத்திவைத்திருந்தார்.

பிரிக்கும்போது எனக்கு ஒரு வேலை கொடுத்தார். இருபது சிரட்டைகளை வரிசையாக வைத்து, அவர் கழற்றிக் கொடுக்கிற நட்டுகளை அவர் சொல்கிற சிரட்டையில் போட வேண்டும். மாற்றிப் போட்டால் தொலைந்தேன். நானும் என் மரப்பாச்சியும் ஒரு சாக்கில் உட்கார்ந்து அதைச் செய்தோம். என் மரப்பாச்சிக்குத் தெருவில் வேறு எந்தப் பொம்மைக்கும் இல்லாத நீளத் தலைமுடி உண்டு. மில்லில் கழித்துப் போடுகிற நூலில் செய்தது. வேஸ்ட்டு என்பார்கள். மதுரை மில்களில் அது குப்பை குப்பையாகக் கிடக்கும். பிட்டர்கள் ஒரு கைப்பிடியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, கையைத் துடைப்பதும் அதில்தான், இஞ்சினைத் துடைப்பதும் அதில்தான். அய்யா சட்டையிலும் ஒரு கொத்து எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் ஒரு சிறு துளையில் வாயை வைத்து ஊதினார். காற்று மறுபக்கம் வரவில்லை. மறுபடியும் கன்னம் உப்ப ஊதினார். பிறகு அம்மாவிடம் கோணி ஊசி வாங்கி உள்ளே விட்டுத் துழாவினார். கறுப்பாக, சுருண்டு, ரோமம் ரோமமாக ஒன்று ஊசி முனையில் வெளியே வந்தது.

கம்பளிப்பூச்சியா என்று கேட்டேன். அய்யா அதை வெளிச்சத்தில் பிடித்து விரல் நுனியால் மெல்லப் பிரித்தார். பிறகு ஆமாம் என்றார். காலித் தீப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் அதை வைத்து, கூரையின் எறவாணத்தில் செருகினார். அன்று மத்தியானம் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. கழற்றிப் போட்ட இஞ்சினுக்கு நடுவில், துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் எழுந்தார். வீட்டில் இருந்த வேஸ்ட்டு முழுவதையும் கொண்டுவரச் சொல்லி அடுப்பில் போட்டார். என் மரப்பாச்சியின் தலைமுடியையும் விடவில்லை. நான் தரையில் புரண்டு அழுதேன். பூச்சி வந்ததற்கு என் பொம்மைக்கு ஏன் மொட்டை என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அய்யா என்னைச் சமாதானம்கூடச் செய்யாமல், அம்மாவின் பழஞ்சேலைகளைச் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் அவித்துக் கிழித்துத் தரச் சொன்னார். இனி இந்த இஞ்சின்மேல் சேலைத் துணி தவிர வேறு எதுவும் படக்கூடாது என்று உத்தரவாயிற்று.

அன்றிலிருந்து அவரைப் பிசாசு பிடித்ததுபோல் ஆனது. ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி, ஊதி, சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பார்த்ததையே மறுநாளும் பார்த்தார். வால்வுகளை அரைக்கும் வேலை அம்மாவுக்கும் எனக்கும் வந்தது. வால்வின் விளிம்பில் மணல் கலந்த ஒரு பசையைத் தடவி, அதை அதன் குழியில் உட்கார வைத்து, தலையில் ஒரு குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துக் கடைவதுபோல் உருட்ட வேண்டும். அம்மாவுக்கு இதைச் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை. "வெண்ணெய் மட்டுந்தான் வரல" என்றாள். அய்யா வந்து விளிம்பைத் தடவிப் பார்ப்பார், இன்னும் என்பார். அம்மா முகம் சுளிக்காமல் இன்னும் உருட்டுவாள்.

பந்தய இஞ்சினுக்குள் ஊற்ற விளக்கெண்ணெய்தான் வேண்டுமாம், அதுதான் சூட்டைத் தாங்குமாம். எங்கள் கொல்லை ஆமணக்கை வறுத்து இடித்து அம்மா காய்ச்சினாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதில் இருக்கக் கூடாது. திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்தி, அது சடசடக்காமல் எரிகிறதா என்று ஒவ்வொரு படிக்கும் பார்த்தாள். எங்கள் வீட்டில் விளக்கெண்ணெயை அழாமல் குடித்த முதல் ஜீவன் அந்த இஞ்சின்தான்.

பூட்டி முடித்ததும் இரண்டு கட்டைகளின்மேல் அதை ஏற்றி ஓட்டினார்கள். அதற்கு மூச்சு விட இரண்டு வாய் உண்டு. இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுக்க வேண்டுமாம். அய்யா ஒரு பப்பாளி இலைக்காம்பை வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இந்த வாய்க்கும் அந்த வாய்க்கும் மாற்றி மாற்றிப் பிடிப்பார். திருகாணியை மயிரிழை திருப்புவார், மறுபடியும் கேட்பார். ஒரு தடவை என் காதிலும் வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே சீறல்தான். அவருக்கு மட்டும் இன்னும் வித்தியாசம் கேட்டது.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். என் மரப்பாச்சியை மொட்டையாக்கிய அந்தப் பூச்சியைச் சும்மா விடுவதா என்று, ஒருநாள் உரலின்மேல் ஏறித் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா கொல்லையில் இருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போடப் போன கையை அய்யா வந்து பிடித்துக்கொண்டார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. பெட்டியை வாங்கினார், அடுப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு எனக்கு எட்டாத உயரத்தில் அதைச் செருகிவிட்டுப் போய்விட்டார்.

மறு பொங்கலும் வந்தது. இஞ்சின் மாமாவின் வண்டியிலேயே கோச்சடைக்குத் திரும்பிப் போய்க் காரில் ஏறியது. பந்தயத்தன்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருந்தாள். மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், அய்யாவின் தலைகுனிவை இன்னொரு தடவை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. கார் கடந்து போகும்போதெல்லாம் விளக்கெண்ணெய் நாற்றம் வந்து என் வயிற்றைக் கலக்கியது. மூன்று, நாலு. நாலாவது சுற்றில் மாமாவின் கை என் காலை இறுக்கியது. ஐந்து. அய்யா காரைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார். பத்தும் ஓடி முடித்தது. முதலில் வந்தது மலைத்தோட்டத்து நீலக் கார். எங்களுக்கு அதைப் பற்றி என்ன. மாமா என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

துரை வாக்குத் தவறவில்லை. முகமெல்லாம் எண்ணெயும் புழுதியுமாக இறங்கி வந்து, பட்டறை ஆட்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"போன வருஷம் நான் சொன்னது தப்பு. இவன் கை நல்ல கை. என் கால்தான் தப்பு. நாளைக்கு இவன் வேலைக்கு வரணும்."

ஒரு வருஷமாக அய்யா தூங்காமல் காத்திருந்த வார்த்தை அதுதான். அவர் தலையை நிமிர்த்துவார் என்று நான் பார்த்தேன். அவர் மடியை அவிழ்த்துத் தீப்பெட்டியை எடுத்தார்.

"துரை, பிஸ்டனுக்கு எண்ணெய் போற தொளையில இது அடச்சிருந்துச்சு. நம்ம மில்லு வேஸ்ட்டு. நான் தொடச்சப்ப உள்ள போயிருக்கு. உங்க கால் மேல குத்தமில்ல. ஊரெல்லாம் நான் சொன்னதுதான் பொய்யாப் போச்சு."

மாமா என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். துரை பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். நாளைக்கு வா என்று திரும்பச் சொல்லவில்லை. அந்த மில்லிலிருந்து அப்புறம் யாரும் கூப்பிட்டு வரவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். பிரித்த மூன்றாம் நாளே என்றார் அய்யா.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"சொல்லியிருந்தா இஞ்சினத் திரும்பத் தூக்கிட்டுப் போயிருப்பாக. கெடுத்தவன்தான சரி பண்ணணும்?"

விரதம் இருந்தவள் அம்மா. ஆனால் குழம்பில் இருந்த மொச்சையையெல்லாம் அரித்து அவர் இலையில் வைத்தாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் அய்யா அவளோடு வயலுக்குப் போனார். பசு கொட்டத்துக்குத் திரும்பியது.

நான்தான் ஆறவில்லை. வேலை வாசல் வரை வந்து திரும்பிப் போனது அந்தத் தீப்பெட்டியால்தான் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அய்யா வருவதற்குள் அதை அடுப்பில் போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும், என் கை கொஞ்சம் பிந்திவிட்டது என்று, மொட்டை மரப்பாச்சியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நாள் வருத்தப்பட்டேன்.